காதுக்கும் ஒரு வாய்: சத்தமும் இசையும் ருசியை மாற்றும் விதம்

ஒரு தட்டுவடையை எடுத்து முன்பல்லால் ஒரு கடி கடியுங்கள். பிறகு இரண்டு காதுகளையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு, யாரையாவது ஊட்டச் சொல்லி அதே வடையின் மறு ஓரத்தைக் கடியுங்கள். முதல் கடி ‘மொறுக்’கென்று உடைந்திருக்கும். இரண்டாவது கடி மண்டைக்குள் ‘கடக் முடக்’கென்று இடிக்கும். வடை தடிமனாகிவிட்டதுபோலவும், நேற்றே சுட்டதுபோலவும், இன்னும் கொஞ்ச நேரத்தில் நமுத்துவிடும் போலவும் தோன்றும். மாவும் எண்ணெயும் உப்பும் மாறவில்லை. மாறியது காதுக்குப் போன சத்தம் மட்டும்.

கடிக்கும் சத்தம் உள்காதுக்கு இரண்டு வழியாகப் போகிறது. வாயிலிருந்து காற்று வழியாகச் சுற்றி வந்து காதில் நுழைவது ஒன்று. பல், தாடை எலும்பு, மண்டையோடு வழியாக நேரே உள்ளுக்குள் போவது மற்றொன்று. மொறுமொறுப்பைச் சொல்லும் கீச்சு ஒலிகள் பெரும்பாலும் காற்று வழியில்தான் நம்மை வந்தடைகின்றன; தாடையும் கன்னச் சதையும் அவற்றை அமுக்கிவிடும். காதை அடைத்ததும் அந்த வழி மூடிக்கொள்கிறது. எலும்பு வழியாக வரும் கனத்த ஒலியோ அடைபட்ட காதுத் துளையிலிருந்து வெளியேற முடியாமல் உள்ளேயே பெருகுகிறது. மூளைக்குக் கிடைப்பது மெல்லிய ஓடு உடையும் செய்தி அல்ல, கட்டி நொறுங்கும் செய்தி.

ருசி என்றால் நாக்கின் வேலை என்று பள்ளிப் பாடம் சொல்லும். நாக்கின் சுவை மொட்டுகள் அறிபவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (பழுத்த தக்காளியிலும் காளானிலும் தெரியும் சுவை) என்ற ஐந்து. நாம் ‘ருசி’ என்று சொல்லும்போது இந்த ஐந்தை மட்டும் சொல்வதில்லை. வாசனை, சூடு, மென்மை, காரத்தின் எரிச்சல் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். நம் அறுசுவைக் கணக்கிலேயே இந்தக் கலப்பு உண்டு. கார்ப்பு உண்மையில் ஒருவகை வலி. எரிச்சலையும் சூட்டையும் உணரும் நரம்பு வழியாக வருகிறது. துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்ச்சி. வாயின் வழவழப்பு போய் இழுத்துப் பிடிக்கும் உணர்வு. வலியையும் தொடுதலையும் சுவைக் கணக்கில் எழுதிய மொழிக்குக் காதையும் ஒரு வரி சேர்ப்பது புதுமை இல்லை.

சத்தம் ருசியைத் தொடும் வழிகள் மூன்று. உணவே எழுப்பும் சத்தம், சுற்றிலும் இருக்கும் இரைச்சல், பின்னணியில் ஒலிக்கும் இசை. இணையத்தில் மூன்றையும் ஒரே கரண்டியால் கிளறி, ‘இந்தப் பாட்டைக் கேட்டால் காபி இனிக்கும்’ என்று பரிமாறிவிடுகிறார்கள். மூன்றின் வலிமையும் வேறு, காரணமும் வேறு. உணவின் சொந்தச் சத்தத்துக்குத்தான் பலம் அதிகம், இசைக்குக் குறைவு. விளம்பரம் கிடைப்பதோ தலைகீழாக.

உணவின் சொந்தக் குரல்

தட்டுவடையும் ஜவ்வரிசி வடாமும் அப்பளமும் ஏன் சத்தம் போடுகின்றன? எண்ணெயில் விழுந்ததும் மாவில் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடமெல்லாம் காற்றறைகள். அறைகளைச் சுற்றிக் காய்ந்து விறைத்த மாவுச் சுவர்கள். பல் அழுத்தும்போது இந்தச் சுவர்கள் வளைவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக முறிகின்றன. ஒவ்வொரு முறிவும் ஒரு குட்டி வெடிப்பு. நொடிக்குள் நிகழும் பல வெடிப்புகளின் தொகுப்பைத்தான் ‘மொறுமொறு’ என்கிறோம்.

இதில் இரண்டு ரகம் உண்டு. மெல்லிய சுவர்கள் கொண்ட உலர்ந்த பண்டங்கள், அதாவது அப்பளம், வடாம், சிப்ஸ் போன்றவை, 5,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 5,000 அதிர்வுகளுக்கு) மேற்பட்ட கீச்சு ஒலிகளை நிறைய எழுப்பும். கடினமாக நொறுங்குபவற்றின் ஒலி அதைவிடத் தாழ்ந்தது. 1,250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் கனமாக இருக்கும். கேரட்டைக் கடிக்கும் ‘நறுக்’ அந்த வகை. தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு பழக்கமானதுதான். உடையும் பண்டத்துக்கு மொறுமொறு, கரகர, நறுக் என்று ரகரமும் றகரமும் வரும். உடையாததற்குக் கொழகொழ, வழவழ, சவசவ. மாமியார் ஒருவர் ‘என்ன, சவசவன்னு இருக்கு’ என்றால் அது ஒலிப் பரிசோதனை அறிக்கைதான்.

சேலத்துத் தட்டுவடை செட் இந்த இரண்டு ரகத்தையும் ஒரே வாயில் வைக்கிறது. கீழே ஒரு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் நறுக்கிய வெங்காயமும் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும், மேலே இன்னொரு தட்டுவடை. பல் இறங்கும்போது முதலில் உயர்ந்த ஒலி, பிறகு காய்களின் ஈரமான ‘நறுக்’, மறுபடி உயர்ந்த ஒலி. ஒரே கடியில் மூன்று அடுக்கு ஓசை. கடைக்காரர் சட்னி தடவிக் கையில் கொடுத்த நொடியிலிருந்து இந்த ஓசைக்கு ஆயுள் குறைய ஆரம்பிக்கிறது. காயின் நீரும் சட்னியின் நீரும் வடைக்குள் ஏறுகின்றன. கண்ணாடிபோல விறைத்திருந்த மாவு நீர் ஏறியதும் ரப்பர் தன்மைக்கு மாறுகிறது, சுவர் முறியாமல் வளைகிறது, சத்தம் செத்துவிடுகிறது. உப்பும் காரமும் அப்படியே இருந்தும் ‘ருசி போச்சு’ என்கிறோம்.

மூளை இந்தச் சத்தத்தை இவ்வளவு நம்புவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. ஓசை என்பது ஈரத்தின் அளவுமானி. உலர்ந்த பண்டம் ஓசை தந்தால் புதுசு, தராவிட்டால் பழசு. காயும் பழமும் ஓசை தந்தால் நீர் நிறைந்தவை, தராவிட்டால் வாடியவை. சமையல்காரர்களுக்கும் இது தெரியும். ‘எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் எடு’ என்று சொல்வது நீர் வெளியேறி முடிந்ததைக் காதால் பார்ப்பது. சலசலப்பு அடங்குவதற்கு முன்பே அரித்தெடுத்த தட்டுவடை மேலே சிவந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், ஆறியதும் நமுத்துவிடும். தீ அதிகமாக இருந்தால் வரும் கோளாறும் அதுவே: நிறம் ஓடி வந்துவிடும், நீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஏற்காட்டில் இன்னொரு சிக்கல். மேகம் இறங்கிய நாளில் காற்று முழுக்க ஈரம். சேலத்தில் வாங்கி மேலே கொண்டுபோய்ப் பிரித்த பொட்டலம் வெகு சீக்கிரம் குரல் இழக்கும். மீட்கலாம். அடிகனமான தோசைக்கல்லை மிகச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் இல்லாமல் பக்கத்துக்கு இரண்டு நிமிடம்; ஓவன் (மின் அடுமனை) இருந்தால் 100–110 டிகிரி செல்சியஸில் ஐந்து முதல் எட்டு நிமிடம். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே குளிர்ந்து, ஓட்டிய ஈரம் திரும்பி வரும்.

இந்த ஓசையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று 2004-இல் மாசிமிலியானோ சாம்பினியும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் சோதித்தார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸை முன்பல்லால் கடிக்கச் செய்து, அந்தச் சத்தத்தை மைக்கில் பிடித்து, உடனுக்குடன் திருத்தி, கடிப்பவரின் ஹெட்போனிலேயே திருப்பி அனுப்பினார்கள். சிப்ஸ் எல்லாம் ஒரே அளவு, ஒரே வார்ப்பு. சத்தத்தைக் கூட்டியபோதும், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் தூக்கியபோதும், சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகப் பதில் வந்தது. குறைத்தபோது பழசு என்றார்கள். வேறு வேறு பாக்கெட்டிலிருந்து கொடுத்தார்கள் என்றே பலர் நம்பினார்கள். 2008-இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்து யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. ஆனால் இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான சோதனை அதிகம் இல்லை.

வீட்டில் இதைச் செய்ய விரும்புபவர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள்: ப்ளூடூத் ஹெட்போன். அதில் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாக வரும். பல் மூடிய பிறகு ‘மொறுக்’ கேட்டால் மூளை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாது. பக்கத்தில் வேறு யாரோ தின்பதுபோல இருக்கும். கம்பி உள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு விரற்கடை நீளம் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று இரையாது. மைக் ஒலியை நேரடியாகக் காதுக்குத் தரும் செயலியில் ஈக்வலைசரை (உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியை) திறந்து, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பட்டைகளை ஒருமுறை 12 டெசிபல் ஏற்றியும் ஒருமுறை அதே அளவு இறக்கியும் பாருங்கள். முன்பல்லால் ஒரே கடி போதும். வாயை மூடி மென்றால் எலும்பு வழிச் சத்தம் ஓங்கி, திருத்திய சத்தத்தை மூழ்கடித்துவிடும்.

இந்தச் சத்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு; எவ்வளவு தின்றோம் என்று கணக்கு வைப்பது. அமெரிக்காவில் ரயன் எல்டரும் ஜீனா மோரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்போனில் உரத்த இரைச்சல் கேட்டபடி ப்ரெட்சல் தின்றவர்கள் சராசரியாக நான்கு தின்றார்கள். மென்ற சத்தம் காதில் விழும்படி தின்றவர்கள் 2.75. டிவி சீரியலின் அலறலுக்கு நடுவே முறுக்கு டப்பா காலியாவதற்கு நாக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இரைச்சல் எதைத் தின்கிறது

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று தேநீர் குடிப்பதையும், அதே தேநீரை வெளித் திண்ணையில் குடிப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தறிகள் முழுவீச்சில் ஓடும் கூடத்தில் ஒலி 90 டெசிபலைத் தாண்டக்கூடும். பேச்சுக்கே கத்த வேண்டிய அந்த இடத்தில் தேநீரின் இனிப்பு ஒரு படி இறங்கித் தெரிய வாய்ப்பு உண்டு.

2011-இல் ஆண்டி வுட்ஸும் குழுவினரும் நடத்திய சோதனையில், வெள்ளை இரைச்சல், அதாவது டிவியில் சேனல் வராதபோது கேட்கும் ‘ஷ்ஷ்ஷ்’, உரக்க ஒலித்தபோது இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்தன. கரகரப்பு கூடுதலாகத் தெரிந்தது. 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி யானும் ராபின் டாண்டோவும் விமானத்தின் உள்ளிரைச்சலை 85 டெசிபலில் கேட்கவைத்து 48 பேரைச் சோதித்தார்கள். இனிப்பு அமுங்கியது, உமாமி கூடியது. உப்பு, புளிப்பு, கசப்பு பெரிதாக அசையவில்லை. உப்பு விஷயத்தில் இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னதில் உண்மையான தின்பண்டங்கள், பின்னதில் நீரில் கரைத்த தனித்தனிச் சுவைகள். இரண்டிலும் பொதுவாக நிற்பது இனிப்பு இறங்குவது ஒன்றுதான்.

காரணம் இரண்டு சொல்லப்படுகின்றன. ஒன்று கவனச் சிதறல். மூளையின் கவனத்தை இரைச்சல் பிடுங்கிக்கொண்டால் மெல்லிய சுவைக்கு மிச்சம் குறைவு. இரண்டாவது உடற்கூறு சார்ந்தது. நாக்கின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவைச் செய்தி சுமந்து வரும் கோர்டா டிம்பனி என்ற நரம்பு, மூளைக்குப் போகும் வழியில் நடுக்காதுக்குள் புகுந்து, செவிப்பறையை ஒட்டிக் கடந்து போகிறது. நடுக்காது அறுவை சிகிச்சையில் இந்த நரம்பு இழுபட்டால் சிலருக்கு நாக்கில் இரும்பு ருசி தங்குவதை மருத்துவர்கள் அறிவார்கள். உரத்த ஒலியில் செவிப்பறை அதிரும்போது இந்த நரம்பும் தொந்தரவுக்கு உள்ளாகிறது என்பது நல்ல ஊகம். நிறுவப்பட்ட முடிவு அல்ல.

உமாமி என்ற சொல் ஜப்பானியம் என்றாலும் சுவை நமக்கு அந்நியம் இல்லை. பழுத்த தக்காளி, காளான், கருவாடு எல்லாவற்றிலும் அது உண்டு. விமானத்தில் தக்காளிச் சாறுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அங்கே இரைச்சல் மட்டும் குற்றவாளி இல்லை. உள்ளழுத்தம் மலை உச்சி அளவுக்குக் குறைகிறது, காற்றும் வறண்டுபோகிறது. மூக்கு உலர்ந்து வாசனை மங்குகிறது. பேருந்து நிலையத்து மெஸ்ஸில் மூக்குக்குக் குறை ஒன்றுமில்லை, இரைச்சல் மட்டுமே. எனவே அங்கே பாயசத்தைவிடத் தக்காளி ரசம் தாக்குப்பிடிக்கும். சர்க்கரையைக் கூட்டி இரைச்சலை ஈடுகட்ட நினைப்பது தப்பான சிகிச்சை. அமைதியான மூலையில் உட்கார்பவருக்கு அது திகட்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது நடப்பது வேறு கதை. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் கடந்து 1,500 மீட்டருக்குப் போகிறோம். வெளியே காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல ஊதிக்கொள்கிறதல்லவா, நடுக்காதில் மாட்டிய காற்றும் அதே வேலையைச் செய்கிறது. செவிப்பறை வெளிப்பக்கம் புடைத்து விறைக்கிறது. கேட்பதெல்லாம் பஞ்சுக்கு அப்பாலிருந்து வருவதுபோல இருக்கும். அந்த நேரத்தில் பாக்கெட்டைப் பிரித்தால் முதல் பத்தியில் பார்த்த ‘கடக் முடக்’ விரல் வைக்காமலே கிடைக்கும். இரண்டு மிடறு தண்ணீர் விழுங்குங்கள், அல்லது பெரிதாகக் கொட்டாவி விடுங்கள். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் திறந்து ‘பட்’டென்று காது தெளியும். அதன் பிறகு தின்னுங்கள். காசு கொடுத்து வாங்கிய மொறுமொறுப்பு வீணாகாது.

இசைக்கு எவ்வளவு பலம்

ஒலிக்கும் சுவைக்கும் நம் மனதில் ஏற்கெனவே ஒரு பொருத்தம் இருக்கிறது. அர்ஜென்டினாவில் ப்ரூனோ மெஸ்ஸும் சகாக்களும் 2011-இல் இசைக்கலைஞர்களிடம் ‘இனிப்பு’, ‘கசப்பு’, ‘உப்பு’, ‘புளிப்பு’ என்ற சொற்களை மட்டும் கொடுத்து, அப்போதைக்கு அப்போது வாசிக்கச் சொன்னார்கள். கலந்து பேசிக்கொள்ளாமலே பதில்கள் ஒத்துப்போயின. இனிப்புக்கு இணக்கமான சுரங்கள், மெதுவாக, மென்மையாக. கசப்புக்குத் தாழ்ந்த சுருதியில் இழுத்து வாசிப்பு. உப்புக்குத் துண்டு துண்டாக. புளிப்புக்கு உயர்ந்த சுருதியும் முரணான சுரங்களும்.

இந்தப் பொருத்தம் ருசியைத் திருப்பக்கூடுமா? 2012-இல் ஆன்-சில்வி க்ரிசினலும் ஸ்பென்ஸும் குழுவினரும் இனிப்பும் கசப்பும் கலந்த ஒருவகைக் கருகல் டாஃபியைக் கொடுத்து, ஒருமுறை உயர்ந்த சுருதி இசையையும் ஒருமுறை தாழ்ந்த சுருதி இசையையும் கேட்கவைத்தார்கள். தாழ்ந்த இசையோடு தின்றபோது கசப்பு கூடித் தெரிந்தது. உயர்ந்ததோடு தின்றபோது இனிப்பின் பக்கம் சாய்ந்தது. டாஃபி ஒன்றுதான்.

சாய்ந்தது என்ற சொல்தான் இங்கே முக்கியம். இசை சுவையை உண்டாக்குவதில்லை. வெறும் தண்ணீரை இனிக்கவைக்காது, சர்க்கரை போடாத பாகற்காய்ச் சாறைப் பாயசமாக்காது. ஒரே வாயில் இரண்டு சுவைகள் போட்டி போடும்போது எதன் பக்கம் கவனம் போக வேண்டும் என்று மெல்லத் தோளில் தட்டுகிறது, அவ்வளவே. ஆகவே பலன் தெரிய வேண்டுமானால் உணவிலேயே இழுபறி இருக்க வேண்டும்: கசப்பான சாக்லேட், குறைந்த சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி, புளிப்பு முற்றிலும் விலகாத மாம்பழம். கனிந்த மல்கோவாவுக்கு எந்த ராகமும் கூடுதலாக ஒன்றும் செய்துவிடாது.

இதோடு இரண்டு கலப்படங்கள் சேரும். ஒன்று பிடித்தம். நியூஸிலாந்தில் கெவின் கன்டோனோவும் குழுவினரும் சாக்லேட் ஜெலாட்டோ கொடுத்துச் சோதித்தபோது, பிடித்த இசையோடு இனிப்பு தூக்கலாகவும் பிடிக்காத இசையோடு கசப்பு தூக்கலாகவும் தெரிந்தது. எனவே ‘இந்தப் பாட்டுக்கு இனித்தது’ என்றால் சுருதியாலா, அபிமானத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மற்றொன்று நினைவு. ஸ்பென்ஸும் சமையற்கலைஞர் ஹெஸ்டன் ப்ளூமெந்தாலும் கடலலை ஓசையோடு சிப்பி உண்ணக் கொடுத்தபோது, பண்ணை விலங்குகளின் ஓசையோடு உண்டதைவிட அது இதமாக இருந்ததாகச் சொன்னார்கள். உப்பின் அளவு கூடித் தெரியவில்லை. ப்ளூமெந்தாலின் உணவகத்தில் 2007 முதல் ஒரு கடலுணவுத் தட்டோடு, சங்குக்குள் வைத்த ஒலிக்கருவியும் வந்தது. இங்கே வேலை செய்வது சுரம் அல்ல, இடம் பற்றிய நினைவு. கொதிக்கும் எண்ணெயில் வடை விழும் ‘சொய்ங்’ ஓசை நமக்குச் செய்வது அதுவே.

உணவகத்தில் ஒலிக்கும் பாட்டின் வேகத்தால் ருசி மாறுவதாகச் சிலர் சொல்வார்கள். அதில் மாறுவது பெரும்பாலும் நடத்தை. 1986-இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்தபோது வாடிக்கையாளர்கள் சராசரியாக 56 நிமிடம் உட்கார்ந்தார்கள், வேகமான இசையில் 45 நிமிடம். அதைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

காபியும் காதும்

ஏற்காட்டில் காபி வறுப்பவர்கள் வெப்பமானியோடு காதையும் நம்புகிறார்கள். கொட்டை ஏறத்தாழ 196 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் நீராவி கிழித்துக்கொண்டு வெளிவரும். பொரி வெடிப்பதுபோல உரத்த ‘பட்பட்’. இது முதல் வெடிப்பு. ஏறத்தாழ 224 டிகிரியில் இரண்டாவது. அது மெல்லிசாக, அடுத்தடுத்து, சருகு நொறுங்குவதுபோல இருக்கும். முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கினால் அரபிகாவின் புளிப்பும் பழ வாசனையும் நிற்கும். இரண்டாவதைத் தாண்ட விட்டால் கசப்பும் புகையும் மேலோங்கும். வறுக்கும்போதே மிக்ஸி ஓடினாலோ வானொலி அலறினாலோ இரண்டாவது வெடிப்பு காதில் விழாமல் கடந்துவிடும். அரை நிமிடக் கவனக்குறைவு போதும், தட்டு முழுக்க ஒரே கருகல்.

டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும் சத்தத்திலேயே சூடு தெரிகிறதா? தெரியும். சூடான நீர் விழும் ஓசைக்கும் குளிர்ந்த நீர் விழும் ஓசைக்கும் வித்தியாசம் உண்டு. சூடு ஏற ஏற நீரின் பிசுப்பு குறைகிறது, குமிழிகள் உண்டாகும் விதம் மாறுகிறது. குளிர்ந்த நீர் கணீரென்றும் சூடான நீர் சற்று மந்தமாகவும் கேட்கும். கண்ணைக் கட்டி இரண்டையும் ஊற்றிக் காட்டினால் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். வாய் தொடும் முன்பே காபியின் சூட்டைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று பொருள்.

வீட்டில் செய்து பார்க்க

இரைச்சல் சோதனைக்கு 200 மில்லி நீரில் சமமாக வழித்த இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து, நான்கு டம்ளர்களில் 50 மில்லி வீதம் ஊற்றுங்கள். சுவைப்பவருக்கு நான்கும் ஒன்றுதான் என்று தெரியக் கூடாது. வேறொருவர் கலந்து தர வேண்டும். ஒலிபெருக்கியில் விமான இரைச்சலோ வெள்ளை இரைச்சலோ போட்டு, கைப்பேசியின் ஒலிமானிச் செயலியைச் சுவைப்பவரின் காதருகே வைத்து, 80 டெசிபலைத் தொடுமாறு ஒலியளவை நிறுத்துங்கள். பக்கத்திலிருப்பவரோடு பேசக் குரல் உயர்த்த வேண்டியிருக்கும், அதுவே அடையாளம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குழந்தைகளை வைத்துச் செய்யவும் வேண்டாம்.

முதல் டம்ளர் அமைதியில், இரண்டாவதும் மூன்றாவதும் இரைச்சலில், நான்காவது மறுபடி அமைதியில். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. நாக்கு இனிப்புக்குச் சீக்கிரம் பழகி மரத்துப்போகும். ‘முதலில் அமைதி, அடுத்து இரைச்சல்’ என்று இரண்டோடு நிறுத்தினால், இரண்டாவது குறைவாகத் தெரிந்தது சத்தத்தாலா பழக்கத்தாலா என்று சொல்ல முடியாது. நடுவில் தண்ணீரால் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். பதிலை வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் பின்பற்றுவார். 10 செ.மீ. கோடு ஒன்று வரைந்து, இடது முனை ‘இனிப்பே இல்லை’, வலது முனை ‘மிக இனிப்பு’ என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் புள்ளி வைக்கட்டும், நீங்கள் பிறகு அளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

இசைச் சோதனைக்குச் சர்க்கரை ஒரு டீஸ்பூன் மட்டும் போட்ட 150 மில்லி ஃபில்டர் காபி. ஃபிளாஸ்கில் வைத்து ஒவ்வொரு முறையும் 30 மில்லி ஊற்றினால் சூடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்; ஆறின காபி வேறு சுவை. இசைக்கு இரண்டு வெவ்வேறு பாடல்கள் எடுக்காதீர்கள், பிடித்தம் உள்ளே புகுந்துவிடும். கீபோர்டு செயலியில் ஒரே ராகத்தின் ஒரே சிறு பிடியை இரண்டு முறை பதியுங்கள்: ஒன்று தார ஸ்தாயியில் (உயர்ந்த சுருதியில்) பியானோவாக, மெதுவாக, இணைத்து, மற்றொன்று மந்திர ஸ்தாயியில் (தாழ்ந்த சுருதியில்) கனத்த பித்தளைக் குழல் ஒலியாக. இரண்டின் ஒலியளவும் ஒன்றாக, 60 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால் சோதனை அங்கேயே தோற்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. மந்திர ஸ்தாயி வெறும் கரகரப்பாகத்தான் கேட்கும். ஹெட்போன் கட்டாயம்.

ஒருவரை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது பத்துப் பேர், அதில் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி. வித்தியாசம் வந்தாலும் கோட்டில் ஒரு செ.மீ. அளவுக்கு எதிர்பாருங்கள். நான்கைந்து செ.மீ. வித்தியாசம் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், ‘இதில் இனிக்கும் பாருங்க’ என்று யாராவது காதில் போட்டு வைத்தார்களா என்று விசாரியுங்கள்.

சிற்றுண்டிக் கடை நடத்துபவர்கள் இசையைத் தேடுவதற்கு முன் இரைச்சலைக் குறைப்பதில் பலன் அதிகம். மிக்ஸியையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் மேசைகளுக்கு எதிர்ப்புறச் சுவருக்குத் தள்ளலாம். டைல்ஸ் தரை, கண்ணாடி, தகரக் கூரை மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. கூரைக்கு அடியில் தடித்த சாக்குத்துணியோ தென்னை நார்ப் பலகையோ கட்டினால் எதிரொலி அடங்கும், ஆனால் அடுப்பிலிருந்து தள்ளி. தட்டுவடை செட்டைப் பார்சல் கேட்பவருக்கு வடையைக் காகிதப் பையில் தனியாகவும், காயைத் தனியாகவும், இரண்டு சட்னியையும் தனித்தனிப் பொட்டலமாகவும் கட்டிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய் அவரே அடுக்கிக்கொள்ளட்டும். அடுக்கிய இரண்டு நிமிடத்துக்குள் வாய்க்குள் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.